எஸ்டிபி தகராறு: அறிகுறியைப் பார்த்து சுவிட்சைச் சரிசெய்யும் வழி

நெட்வொர்க் நின்றால் பலரும் முதலில் சந்தேகப்படுவது ஸ்பானிங் ட்ரீயைத்தான் (எஸ்டிபி). சுவிட்சுகளுக்கு நடுவே கேபிள் வளையம் வந்தால், ஒரு போர்ட்டை மூடி அதை உடைக்கும் முறை அது. சந்தேகம் வந்ததும் அதை அணைத்தும் விடுகிறார்கள். அணைத்த அன்று எல்லாம் நன்றாக ஓடும். சில வாரம் கழித்து யாரோ ஒருவர் ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகுவார்; மொத்த நெட்வொர்க்கும் படுத்துவிடும். இப்படிப் படுத்த நெட்வொர்க்குகளை எழுப்பப் பலமுறை போயிருக்கிறேன். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் அடியில் இருக்கும். ஒன்று, எஸ்டிபி பாதைகளைக் கணக்கிடத் தொடங்கும் தலைமைச் சுவிட்சான ரூட் எது என்று யாரும் முடிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அல்லது, எந்தப் போர்ட்டில் கணினி வரும், எந்தப் போர்ட்டில் இன்னொரு சுவிட்ச் வரும் என்பதை சுவிட்சுக்குச் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

எஸ்டிபி எப்படி வேலை செய்கிறது என்ற பாடம் இங்கே இல்லை. உங்கள் அறிகுறிக்கான தலைப்பைத் தேடி அங்கிருந்து தொடங்குங்கள். கட்டளைகளை சிஸ்கோ பாணியில் சொல்கிறேன். மற்ற நிறுவனங்களில் பெயர் கொஞ்சம் மாறும், பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான்.

## கை வைப்பதற்கு முன்

ஒரு தாளில் எல்லா சுவிட்சுகளையும் வரையுங்கள். எந்தப் போர்ட் எந்தச் சுவிட்சுக்குப் போகிறது என்று கோடு போடுங்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சிலும் 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ ரூட்' கொடுத்து, அது யாரை ரூட் என்று சொல்கிறது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். எல்லாரும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் வேலையில் இறங்கினால் ஒரு மணி நேர வேலை ஒரு நாள் இழுக்கும்.

கணினியை நேரடியாக சுவிட்சோடு இணைக்கும் கன்சோல் கேபிளும் வேண்டும். லூப் (வளையம்) வந்துவிட்டால் நெட்வொர்க் வழியாக சுவிட்சுக்குள் நுழைய முடியாது. பல சுவிட்சுகளில் கன்சோல் வேகம் 9600 என்று இருக்கும். அதை முன்கூட்டியே ஒருமுறை இணைத்துச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிட்டது, விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடக்கின்றன

இது லூப். எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் பேக்கெட் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, எல்லா போர்ட்டையும் நிரப்பிவிடுகிறது. சாதாரண நேரத்தில் விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மின்னும். லூப் வந்தால் அறையே ஒரே தாளத்தில் மின்னும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

கோர் சுவிட்சை (மற்ற சுவிட்சுகள் வந்து சேரும் நடுச் சுவிட்ச்) ரீபூட் செய்யாதீர்கள். கை அங்கேதான் போகும் என்று தெரியும். ஆனால் பல சுவிட்சுகளில் லாக் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ரீபூட் செய்தால் சாட்சி அழிந்துவிடும். சுவிட்ச் எழுந்ததும் அதே லூப் மறுபடி வரும்.

### முதலில் லூப்பை உடையுங்கள்

கோர் சுவிட்சின் முன் நின்று, மற்ற சுவிட்சுகளுக்குக் கீழே போகும் அப்லிங்க் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கியதும் 10 வினாடி விளக்குகளைப் பாருங்கள். அமைதி வரவில்லை என்றால் அதைப் பிடுங்கியபடியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். எதைப் பிடுங்கியதும் கோர் அமைதியாகிறதோ, அந்தப் பக்கம்தான் பிரச்சினை.

இப்போது அந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கும் சுவிட்சைப் போய்ப் பாருங்கள். வழி இங்கே இரண்டாகப் பிரிகிறது.

அங்கே இன்னும் விளக்குகள் வெறிபிடித்து மின்னினால், லூப் அந்தச் சுவிட்சுக்கு உள்ளேயோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அங்கும் இதே முறையில் போர்ட் போர்ட்டாகப் பிடுங்குங்கள்.

அங்கேயும் அமைதி வந்துவிட்டால், நீங்கள் பிடுங்கிய கேபிள்தான் வளையத்தின் ஒரு கண்ணி. அந்தச் சுவிட்சிலிருந்து கோருக்கோ வேறொரு சுவிட்சுக்கோ இன்னொரு பாதை இருக்கிறது. தாளில் வரைந்த படத்தில் அந்தப் பாதை இல்லை என்றால், அதுதான் உங்களுக்குத் தெரியாமல் யாரோ போட்ட கேபிள்.

கன்சோலில் உட்கார முடிந்தால் வேலை இன்னும் சுலபம். ஒரு மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே தாவுகிறது என்று லாக்கில் வரி வரியாக வந்திருக்கும். அந்த வரி சொல்லும் இரண்டு போர்ட்டுகளில் ஒன்று லூப்பை நோக்கிப் போகும் வழி. அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

### லூப் எங்கே ஒளிந்திருக்கும்

எளிதிலிருந்து தொடங்குவோம். மேசைக்கு அடியில் இருக்கும் 5 போர்ட் சிறு சுவிட்ச்தான் நான் முதலில் தேடும் இடம். யாரோ சுத்தம் செய்யும்போது கழன்று கிடந்த கேபிள் முனையை எடுத்து, காலியாக இருந்த ஓட்டையில் செருகியிருப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அடுத்தது ஐபி ஃபோன். அதில் இரண்டு போர்ட் இருக்கும்: ஒன்று சுவருக்கு, ஒன்று கணினிக்கு. இரண்டையும் சுவரில் செருகிவிட்டால் அந்த ஃபோனே ஒரு லூப். மேசைகளை இடம் மாற்றிய மறுநாள் அழைப்பு வந்தால் நான் நேராக ஃபோன்களைத்தான் பார்ப்பேன்.

அதற்கும் அடுத்து வயர்லெஸ். காற்று வழியாக ஒன்றோடொன்று பேசும் இரண்டு மெஷ் பெட்டிகளை, இரண்டையும் கேபிளிலும் இணைத்தால் வளையம் முடிந்துவிடலாம். கேபிள்களை மட்டும் தேடுகிறவர் கண்ணுக்கு இது படாது.

### எஸ்டிபி இருந்தும் ஏன் தடுக்கவில்லை?

லூப்பைப் பிடுங்கியதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடிந்தது. தடுத்திருக்க வேண்டியது எஸ்டிபி. அது ஏன் தூங்கியது என்று இந்த வரிசையில் பாருங்கள்.

1. எஸ்டிபி ஓடுகிறதா? 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ சம்மரி' கொடுங்கள். சில சுவிட்சுகள் பெட்டியிலிருந்து வரும்போதே எஸ்டிபி அணைந்த நிலையில் வரும். சிலவற்றில் யாரோ ஒரு வி-லானுக்கு (சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மட்டும் அணைத்திருப்பார்கள்.

2. போர்ட்டில் பிபிடியு ஃபில்டர் இருக்கிறதா? (பிபிடியு என்பது எஸ்டிபிக்காக சுவிட்சுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தி.) ஒரு போர்ட்டின் கீழ் நேரடியாக ஃபில்டர் போட்டால், அந்தப் போர்ட்டில் எஸ்டிபியை அணைத்ததற்குச் சமம். ஃபில்டர், கார்ட் இரண்டும் பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள். கணினி போன்றவை செருகும் முனைப் போர்ட்டுக்கு வேண்டியது, பிபிடியு வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியு கார்ட். ஃபில்டரைக் கண்டால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாராவது தெளிவாகச் சொல்ல முடிந்தால் ஒழிய எடுத்துவிடுங்கள்.

3. லூப் ஒரு சிறு சுவிட்சுக்குள் இருந்ததா? அந்தச் சிறு பெட்டி பிபிடியுவை அப்படியே சுற்றவிட்டுத் திருப்பி அனுப்பினால் மேலே இருக்கும் சுவிட்ச் பிடித்துவிடும். விழுங்கிவிட்டால் எஸ்டிபிக்குக் கண் தெரியாது. இதற்கு மருந்து, பிராட்காஸ்ட் ஓர் அளவைத் தாண்டினால் தடுக்கும் ஸ்டார்ம் கன்ட்ரோல். சுவிட்சில் லூப் டிடெக்‌ஷன் வசதி தனியாக இருந்தால் அதையும் போடுங்கள். கிகாபிட் போர்ட்டில் பிராட்காஸ்டுக்கு 1 சதவீதம் என்பதே 10 மெகாபிட். சாதாரணக் கணினிக்கு அது தாராளம், முனைப் போர்ட்டுகளில் நான் அதைத்தான் வைக்கிறேன்.

4. ஃபைபரில் ஒரு இழை மட்டும் செத்திருக்கிறதா? ஒரு பக்கம் பேசுகிறது, மறுபக்கம் கேட்கவில்லை. பிபிடியு வராததால், தடுத்து வைத்திருந்த போர்ட்டை சுவிட்ச் திறந்துவிடும், வளையம் முடிந்துவிடும். ஃபைபர் அப்லிங்க்குகளில், பிபிடியு நின்றால் போர்ட்டைத் திறக்காமல் வைக்கும் லூப் கார்டும், ஒருவழியான லிங்க்கைக் கண்டுபிடிக்கும் யுடிஎல்டியும் இருக்க வேண்டியது இதற்காகத்தான்.

எப்போது ஆளை அழைப்பது: பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகியதும் லூப் வருகிறது, ஆனால் படத்தில் வளையமே இல்லை என்றால், அல்லது நான்காவது காரணத்தில் பேட்ச் கார்டை மாற்றியும் சரியாகவில்லை என்றால்.

## அறிகுறி 2: கேபிளைச் செருகி அரை நிமிடம் கழித்துத்தான் நெட் வருகிறது

கணக்கு சரியாக 30 வினாடிக்குப் பக்கத்தில் வந்தால் இது எஸ்டிபியின் கை. போர்ட்டைத் திறக்கும் முன் அது லிசனிங் என்ற நிலையில் 15 வினாடி, லேர்னிங் என்ற நிலையில் 15 வினாடி காத்திருக்கும். அதற்குள் கணினி ஐபி முகவரி கேட்டுக் களைத்துப்போய், 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் கணினி என்றால் பூட்டே தோற்றுவிடும்.

"எங்களிடம் ஆர்எஸ்டிபி இருக்கிறதே, அது வேகமானதாச்சே?" என்று கேட்பார்கள். ஆர்எஸ்டிபி எஸ்டிபியின் புதிய வடிவம்தான். ஆனால் அது வேகமாக இருப்பது எதிரே இன்னொரு சுவிட்ச் பதில் சொல்லும்போதுதான். கணினி பதில் சொல்லாது. அதனால் எட்ஜ் (கணினி போன்றவை மட்டும் வரும் முனை) என்று குறிக்காத போர்ட்டில் ஆர்எஸ்டிபியும் அதே 30 வினாடி காத்திருக்கலாம்.

சோதனை: சுவருக்கும் கணினிக்கும் நடுவே ஒரு சிறு சுவிட்சை வையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு கணினியை அதில் செருகுங்கள். சுவர்ப் போர்ட் ஏற்கெனவே எழுந்து நிற்பதால் எஸ்டிபி காத்திருப்பு இருக்காது. தாமதம் மறைந்தால் காரணம் எஸ்டிபி. அதே தாமதம் இருந்தால் கணினியின் டிரைவர், ஐபி முகவரி தரும் டிஎச்சிபி சர்வர் என்று வேறு பக்கம் தேடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தச் சிறு சுவிட்சை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

சரிசெய்வது: கணினி, பிரிண்டர், கேமரா செருகும் போர்ட்டில் எட்ஜ் போட வேண்டும், சிஸ்கோவில் அதன் பெயர் போர்ட்ஃபாஸ்ட். கூடவே பிபிடியு கார்டும் போடுங்கள். இவை இரண்டும் ஜோடி, ஒன்றை விட்டு மற்றதைப் போடாதீர்கள். பல வி-லான்களைச் சுமக்கும் (அதாவது ட்ரங்க்) சர்வர் போர்ட் என்றால் சாதாரண போர்ட்ஃபாஸ்ட் அங்கே வேலை செய்யாது, ட்ரங்க்குக்கு உரிய வகையைப் போட வேண்டும். போட்டும் பலனில்லை என்று சொல்பவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் இடையே போகும் போர்ட்டில் எட்ஜ் போடவே கூடாது. வேகம் வரும் என்று தோன்றும். கேபிள் செருகியதும் யோசிக்காமல் திறந்துவிடும் என்பதுதான் அதன் பொருள்.

இதற்கு வெளியாள் தேவையில்லை.

## அறிகுறி 3: போர்ட் தானாக மூடிக்கொண்டது, திறந்தாலும் மறுபடி மூடுகிறது

'ஷோ இன்டர்ஃபேஸஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்ட்' கொடுங்கள். காரணம் அந்த வரியிலேயே இருக்கும். எல்லா மூடலும் எஸ்டிபியால் வருவதில்லை. போர்ட் செக்யூரிட்டி, லிங்க் ஃப்ளாப், யுடிஎல்டி ஆகியவையும் மூடும். பிபிடியு கார்ட் என்று இருந்தால் மட்டும் இங்கே தொடருங்கள்.

அந்தப் போர்ட்டில் பிபிடியு வந்திருக்கிறது, அதாவது மறுமுனையில் சுவிட்ச் போல நடந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. யாராவது சுவிட்சோ ரவுட்டரோ செருகினார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், முன்பு சொன்ன ஃபோன் வளையத்தைப் பாருங்கள். அங்கே சுவிட்சின் சொந்த பிபிடியுவே சுற்றித் திரும்பி வந்திருக்கும். அதுவும் இல்லை என்றால் மடிக்கணினி. வயர்லெஸ்ஸையும் கேபிளையும் பிரிட்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) வைத்திருந்தால் அதிலிருந்தும் பிபிடியு வரலாம். விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர் என்றால், உள்ளே ஏதோ ஒரு மெஷின் இரண்டு கார்டுகளைப் பிரிட்ஜ் செய்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசிக் காரணம் வலியானது: ஒரு மெஷின் செய்த தவறுக்கு அந்த சர்வரில் இருக்கும் எல்லா மெஷின்களும் சேர்ந்து நெட் இழக்கும்.

காரணத்தை எடுத்த பிறகு போர்ட்டை ஷட் கட்டளையால் அணைத்து, நோ ஷட் கொடுத்துத் திறங்கள். அது போதும். "தொல்லை தாங்கவில்லை" என்று கார்டை எடுத்துவிட்ட இடங்களில்தான் பிறகு அறிகுறி 1 வருகிறது.

தானாகத் திறக்கும் வசதியும் உண்டு. அதைப் போட்டால் இயல்பாக 300 வினாடிக்கு ஒருமுறை போர்ட் மறுபடி திறக்கும். ஆள் போக முடியாத தூர இடங்களுக்கு மட்டும் இதைப் போடுகிறேன். பக்கத்திலேயே இருக்கும் சுவிட்சில் போட்டால், தவறு செய்தவர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்.

## அறிகுறி 4: எல்லாம் ஓடுகிறது, ஆனால் அவ்வப்போது சில வினாடி தொங்குகிறது

இதில்தான் ஆட்கள் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். நீங்கள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். கிளம்பியதும் மறுபடி தொங்கும்.

முதலில் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்று கடிகாரம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த எண் ஒன்றே பாதிப் பதில்.

- ஓரிரு வினாடி என்றால் டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்றம் நடந்து, சுவிட்ச் கற்றுவைத்த மேக் முகவரிகளைத் துடைத்துவிட்டு மறுபடி கற்கிறது.
- 6 வினாடிக்குப் பக்கம் என்றால் ஆர்எஸ்டிபியில் 2 வினாடிக்கு ஒருமுறை வர வேண்டிய ஹலோ (பிபிடியு) மூன்று முறை தவறியிருக்கிறது. லிங்க் கீழே விழவில்லை, ஆனால் பிபிடியு வரவில்லை.
- 30 வினாடி என்றால் ஏதோ ஒரு போர்ட் பழைய முறையில் லிசனிங், லேர்னிங் வழியாகப் போகிறது.
- 50 வினாடி என்றால் அதோடு, பிபிடியு வராதபோது காத்திருக்கும் 20 வினாடி மேக்ஸ் ஏஜ் சேர்ந்திருக்கிறது. நெட்வொர்க்கில் எங்கோ பழைய எஸ்டிபி ஓடுகிறது.

### மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று துரத்துவது

கோர் சுவிட்சில் 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்' கொடுங்கள். ஒவ்வொரு வி-லானுக்கும் டோபாலஜி மாற்றம் இதுவரை எத்தனை முறை நடந்தது, கடைசியாக எப்போது நடந்தது, எந்தப் போர்ட் வழியாக வந்தது என்று மூன்று தகவல் கிடைக்கும். எண்ணிக்கை பெரிதாக இருந்து, கடைசி மாற்றம் சில நிமிடங்களுக்கு முன்புதான் என்றால் நீங்கள் தேடியது இதுதான். அது சொல்லும் போர்ட்டின் மறுமுனைச் சுவிட்சுக்குப் போய் அதே கட்டளை. அங்கிருந்து அடுத்தது. துரத்திக்கொண்டே போனால் கடைசியில் கணினியோ கேபிளோ நிற்கும்.

### அங்கே என்ன இருக்கும்

பெரும்பாலும் எட்ஜ் குறிக்காத கணினிப் போர்ட். ஒவ்வொரு முறை அந்தக் கணினி எழும்போதும் நெட்வொர்க் முழுக்கச் செய்தி போகிறது: "ஏதோ மாறிவிட்டது, எல்லாரும் மறந்துவிடுங்கள்." பழைய எஸ்டிபியில் மேக் அட்டவணையின் ஆயுள் 300 வினாடியிலிருந்து 15 வினாடிக்கு இறங்கும், ஆர்எஸ்டிபியில் உடனே துடைக்கப்படும். துடைத்ததும் மறுபடி கற்கும்வரை பேக்கெட்டுகள் எல்லாப் போர்ட்டிலும் கொட்டும். காலையில் எல்லாரும் கணினியைப் போடும் அரை மணி நேரத்தில் மட்டும் நெட் இழுக்கிறது என்றால் இதுதான் கதை.

கணினியை யாரும் தொடாத நேரத்திலும் இது நடக்கும். பல கணினிகள் தூங்கப் போகும்போது கார்டின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது லிங்க் ஒருமுறை விழுந்து எழும். முன்பு ஓரிடத்தில் மதிய நேரத்தில் மட்டும் ஃபோன் பேச்சு அறுபடுவதாகப் புகார். சர்வரையும் வெளி லைனையும் மாறி மாறிப் பார்த்திருந்தார்கள். டோபாலஜி மாற்றத்தைத் துரத்தினால், எல்லாரும் எழுந்து போன பிறகு வரிசையாகத் தூங்கிய கணினிகள்! முனைப் போர்ட்டுகள் எல்லாவற்றிலும் எட்ஜ் போட்டதும் நின்றது. ஒரு பொருளும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

எட்ஜ் எல்லாம் சரியாக இருந்தும் மாற்றம் வந்துகொண்டே இருந்தால், அடுத்து அப்லிங்க் கேபிள். லாக்கில் லிங்க் விழுந்து எழுந்த வரிகளைத் தேடுங்கள். இன்டர்ஃபேஸில் சிஆர்சி பிழை (கெட்டுப்போய் வந்த பேக்கெட் எண்ணிக்கை) ஏறுகிறதா என்று பாருங்கள். பேட்ச் கார்டை மாற்றுங்கள்; அப்புறம் எஸ்எஃப்பி-யை (போர்ட்டில் செருகும் சிறு ஃபைபர் கருவி) மாற்றுங்கள். ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கட்டி வைத்திருந்தால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை) ஆகிவிடலாம். அப்படி ஆனால் பேக்கெட் தொலைவதோடு, ஆர்எஸ்டிபி அந்த லிங்க்கை ஷேர்ட் என்று எண்ணி மெதுவான முறைக்கு இறங்கும்.

30, 50 வினாடிக் கணக்கு வந்தால் 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ' வெளியீட்டில் லிங்க் வகை என்று இருக்கும் கடைசிப் பத்தியைப் பாருங்கள். அங்கே 'பியர் எஸ்டிபி' என்று இருந்தால் எதிர்ச் சுவிட்ச் பழைய முறையில் பேசுகிறது என்று பொருள். அந்தச் சுவிட்சை ஆர்எஸ்டிபிக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் உங்கள் சுவிட்ச் பழைய முறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் 'க்ளியர் ஸ்பானிங்-ட்ரீ டிடெக்டட்-புரோட்டோகால்ஸ்' கொடுங்கள்.

கடைசியாக, சுவிட்சின் சிபியு. அது தொடர்ந்து உச்சத்தில் நின்றால் பிபிடியுவை நேரத்தில் அனுப்ப முடியாது. அண்டைச் சுவிட்ச் "ஆள் போய்விட்டார்" என்று முடிவுகட்டும்.

எப்போது ஆளை அழைப்பது: கேபிள், எஸ்எஃப்பி மாற்றியும் பிழை எண்ணிக்கை ஏறினால்; சிபியு காரணம் தெரியாமல் உச்சத்தில் இருந்தால். பின்னது சுவிட்சையே மாற்றும் செலவில் முடியலாம், அதனால் இன்னொருவரின் கண்ணும் பார்ப்பது நல்லது.

## அறிகுறி 5: புது சுவிட்ச், வேகமான லிங்க், ஆனாலும் நெட் மந்தம்

ரூட் யார் என்று பாருங்கள். எல்லா சுவிட்சிலும் பிரையாரிட்டி (ரூட் தேர்வுக்கான எண், சிறியதே வெல்லும்) தொழிற்சாலை எண்ணான 32768-லேயே இருந்தால், மேக் முகவரி சிறியதாக இருப்பவர் ரூட் ஆகிவிடுவார். வி-லான் எண்ணையும் சேர்த்துக் காட்டும் சுவிட்சில் வி-லான் 1-க்கு இது 32769 என்று தெரியும், பயப்பட வேண்டாம். சின்ன மேக் முகவரி பெரும்பாலும் பழைய பெட்டியிடம் இருக்கும். ஸ்டோர் ரூமில் கிடந்த 100 மெகாபிட் சுவிட்சை அவசரத்துக்கு எங்கோ ஒரு மூலையில் செருகியிருப்பார்கள்; அது அமைதியாக ரூட் ஆகி, எல்லாப் போக்குவரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உங்கள் 10 கிகாபிட் லிங்க் பிளாக்கில் (எஸ்டிபி மூடிவைத்த நிலையில்) சும்மா கிடக்கும்.

கோர் சுவிட்சுக்கு 4096, அதற்கு மாற்றாக நிற்க வேண்டியதற்கு 8192 கொடுங்கள். மற்றவற்றைத் தொடாதீர்கள். பிரையாரிட்டி 4096-ன் மடங்குகளாகத்தான் எடுக்கும். 0 கொடுக்கலாம்தான், ஆனால் ஒரு நாள் கோரை மாற்றும்போது அதற்குக் கீழே இறங்க இடம் வேண்டும் என்பதால் நான் கொடுப்பதில்லை. மாற்றும் நொடியில் நெட்வொர்க் சற்றே தடுமாறும். ஆட்கள் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். செய்து முடித்ததும் கோரிலிருந்து கீழே போகும் போர்ட்டுகளில், கீழே இருக்கும் சுவிட்ச் ரூட் ஆகாமல் தடுக்கும் ரூட் கார்ட் போடுங்கள். ஆனால் மாற்று ரூட்டுக்குப் போகும் லிங்க்கில் போடாதீர்கள், அவசரத்தில் அது மேலே வர வழி வேண்டும்.

ரூட் சரியாக இருந்தும் பாதை தவறாக இருக்கிறதா? அப்படியானால் காஸ்ட் (ஒவ்வொரு லிங்க்குக்கும் எஸ்டிபி வைக்கும் விலை) கணக்கைப் பாருங்கள். பழைய கணக்கில் 100 மெகாபிட்டுக்கு 19, 1 கிகாபிட்டுக்கு 4, 10 கிகாபிட்டுக்கு 2. புதிய, நீளக் கணக்கில் அவையே 2,00,000, 20,000, 2,000. ஒரு சுவிட்ச் பழைய கணக்கிலும் இன்னொன்று புதிய கணக்கிலும் இருந்தால், 100 மெகாபிட் பாதை 19 என்று மலிவாகத் தெரியும், கிகாபிட் பாதை 20,000 என்று கொள்ளை விலையாகத் தெரியும். எல்லா சுவிட்சையும் நீளக் கணக்குக்கு மாற்றுங்கள். ஏதாவது ஒரு சுவிட்சுக்கு அது தெரியாது என்றால் மட்டும் எல்லாவற்றையும் பழையதிலேயே வையுங்கள்.

இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்து, எது திறந்திருக்க வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்க விரும்பினால் ஒரு விஷயம் கவனம். காஸ்ட்டை ரூட்டுக்குத் தூரமாக இருக்கும் சுவிட்சில் மாற்ற வேண்டும். போர்ட் பிரையாரிட்டியை ரூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சில் மாற்ற வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "எண்ணை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் நிறைய. உண்மையில் இரண்டு கேபிளையும் எல்ஏசிபி-யில் கட்டி ஒன்றாக்கிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

## அறிகுறி 6: கேபிள் நன்றாக இருக்கிறது, போர்ட் பிளாக்கில் நிற்கிறது

வளையம் இருக்கும் நெட்வொர்க்கில் ஒரு போர்ட் பிளாக்கில் இருக்கத்தான் வேண்டும். ஆல்டர்நேட் (மாற்றுப் பாதை) என்று பங்கு காட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள்.

'ஷோ ஸ்பானிங்-ட்ரீ இன்கன்சிஸ்டன்ட்போர்ட்ஸ்' கொடுத்துப் பார்த்து அதில் பெயர் இருந்தால் மட்டும் கோளாறு.

பிவிஐடி என்று இருந்தால் இரண்டு முனைகளிலும் நேட்டிவ் வி-லான் (ட்ரங்க்கில் எண் ஒட்டாமல் போகும் வி-லான்) வேறு வேறு. ஒன்றாக்குங்கள், தானே திறக்கும்.

டைப் என்று இருந்தால் ஒரு முனை ட்ரங்க், மறுமுனை ஆக்சஸ் (ஒரே வி-லானுக்கான போர்ட்).

ரூட் என்று இருந்தால் ரூட் கார்ட் போட்ட போர்ட்டின் கீழிருந்து யாரோ உங்கள் ரூட்டைவிடச் சிறிய பிரையாரிட்டியோடு பேசுகிறார்கள். கீழே போய் அந்தச் சுவிட்சைக் கண்டுபிடித்து அதன் பிரையாரிட்டியை ஏற்றுங்கள். பிபிடியு கார்ட் போல இதற்கு ஷட், நோ ஷட் தேவையில்லை. தவறான பேச்சு நின்றதும் தானே சரியாகும்.

லூப் என்று இருந்தால் வந்துகொண்டிருந்த பிபிடியு நின்றுவிட்டது. எதிர்ச் சுவிட்சில் யாராவது எஸ்டிபியை அணைத்தார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேட்ச் கார்டு, அடுத்து எஸ்எஃப்பி, அடுத்து ஒளியின் அளவு. எஸ்எஃப்பி வாங்கும் ஒளியை சுவிட்சே டெசிபல் கணக்கில் காட்டும், கூடவே எச்சரிக்கை எல்லையையும் காட்டும். எல்லைக்குக் கீழே இருந்தால் முனைகளைச் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். இந்தப் போர்ட்டை அவசரத்துக்குத் திறக்க லூப் கார்டை எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் நீங்களே லூப் போட்டதாக ஆகலாம்.

எப்போது ஆளை அழைப்பது: சுத்தம் செய்தும் ஒளி ஏறவில்லை என்றால் ஃபைபர் வழித்தடத்தில் கோளாறு. அதற்கு, ஃபைபரில் கோளாறு எங்கே என்று காட்டும் ஓடிடிஆர் கருவியும் ஒட்டும் கருவியும் வேண்டும். அது ஃபைபர் வேலை தெரிந்தவரின் வேலை.

## அறிகுறி 7: வேறு நிறுவன சுவிட்சைச் சேர்த்த பிறகு ஒரு வி-லான் மட்டும் வேலை செய்யவில்லை

சிஸ்கோவில் வழக்கமாக வி-லானுக்கு ஒரு மரம் (எஸ்டிபி கணக்கிட்ட பாதை அமைப்பு). மற்றவர்களிடம் பெரும்பாலும் மொத்தத்துக்கும் ஒரு மரம், அல்லது எம்எஸ்டி, அதாவது வி-லான்களை இன்ஸ்டன்ஸ் என்ற குழுக்களாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு மரம். கலந்து போட்டால் வி-லான் 1-இல் எல்லாரும் ஒத்துப்போவார்கள், மற்றவற்றில் ஆளுக்கொரு ரூட் என்று ஆகலாம். ஒவ்வொரு வி-லானுக்கும் ரூட் யார் என்று எல்லா சுவிட்சிலும் பாருங்கள். ஒரு வி-லானில் இரண்டு பேர் "நான்தான் ரூட்" என்றால் அங்கேதான் முறிவு.

எம்எஸ்டி ஓட்டினால் மூன்று விஷயம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்: ரீஜன் (ஒரே எம்எஸ்டி அமைப்புள்ள சுவிட்சுகளின் கூட்டம்) பெயர், ரிவிஷன் எண், எந்த வி-லான் எந்த இன்ஸ்டன்சில் என்ற பட்டியல். பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம்கூட வேறு ரீஜன்தான். மூன்றும் சரி, ஆனாலும் ஒரு வி-லான் போகவில்லை என்றால் ட்ரங்க்கில் அனுமதித்த வி-லான் பட்டியலைப் பாருங்கள். எம்எஸ்டி ஒரு இன்ஸ்டன்சில் இருக்கும் எல்லா வி-லானுக்கும் ஒரே பாதையைத்தான் திறந்து வைக்கும். அந்தப் பாதையில் உங்கள் வி-லானை யாரோ கையால் எடுத்திருந்தால், அது மற்ற கேபிளில் அனுமதி பெற்றிருந்தும் பயனில்லை. அந்தக் கேபிள் பிளாக்கில் இருக்கும். ஒரே இன்ஸ்டன்சில் இருக்கும் வி-லான்களை எல்லா ட்ரங்க்கிலும் ஒரே மாதிரி அனுமதியுங்கள்.

எப்போது ஆளை அழைப்பது: ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றுவதாக இருந்தால், தொடங்கும் முன்பே. இதைச் செய்து பழகியவர் பக்கத்தில் இல்லாமல் நானும் தொடுவதில்லை.

## அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

வருகிறவர் முதல் ஒரு மணி நேரத்தை விவரம் சேர்ப்பதில் செலவழிக்கக் கூடாது. ரீபூட் செய்வதற்கு முன்பே எடுத்த லாக், 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்' வெளியீடு, கடைசியாக என்ன கேபிள் எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம், முதலில் வரைந்த அந்தத் தாள் ஆகியவற்றைக் கொடுங்கள். எந்த நேரத்தில், எத்தனை வினாடி தொங்கியது என்றும் எழுதித் தாருங்கள். வேலை முடிந்து அவர் கிளம்பும் முன், ரூட்டின் பெயர், மாற்று ரூட்டின் பெயர், பிளாக்கில் இருக்க வேண்டிய போர்ட் எது என்ற மூன்றையும் அந்தத் தாளில் எழுதச் சொல்லி, ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.